ஓர் அறை காலியாக இருக்கட்டும்: வேலை நாளில் காலி நேரம் பற்றி ஓர் எளிய விளக்கம்

அலுவலகங்களில் ஓய்வைப் பற்றிய பேச்சுக்கு இப்போது குறைவே இல்லை. மனிதவளத் துறை மாதந்தோறும் மின்னஞ்சல் அனுப்புகிறது. யோகா வகுப்பு நடத்துகிறது. அந்த வகுப்புக்கும் நேரம் குறித்து, வருகைப் பதிவும் எடுத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு இடைவேளை, மாலை டீ, ஆண்டுக்கொரு கொடைக்கானல் பயணம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஓய்வு என்கிறோம். இவ்வளவு இருந்தும் ஏன் எந்த வேலையும் சொன்ன நாளில் முடிவதில்லை, ஏன் எதையும் நிதானமாக யோசிக்க முடிவதில்லை என்று பிறகு குழம்புகிறோம்.

மேலே சொன்னவற்றில் ஒவ்வொன்றும் முன்கூட்டியே இன்னதற்கென்று குறிக்கப்பட்ட நேரம். இந்தக் கட்டுரை பேசப்போவது வேறொன்றைப் பற்றி: வேலை நாளுக்கு உள்ளேயே, எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைக்கும் நேரம். அதைக் காலி நேரம் என்று அழைப்போம். அப்படி விட்டுவைப்பவரைச் சிலர் சோம்பேறி என்கிறார்கள். வேறு சிலர் அதை மேதைகளின் ரகசியம் என்று மேடைபோட்டுப் பேசுகிறார்கள். இரு தரப்பும் ஒரு சாதாரணக் கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்கள். அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

## டாக்டரிடம் டோக்கன் வாங்கியவர்கள்

சிறிய ஊரில் மாலை நேரக் கிளினிக். ஒரே ஒரு டாக்டர். ஒரு நோயாளிக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகிறது. மணிக்கு ஆறு பேர் வருகிறார்கள், மணிக்கு ஆறு பேரைப் பார்க்க முடியும். காகிதத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இப்படியொரு கிளினிக்கில் காத்திருந்தவர் எவரும் இதை நம்பமாட்டார்.

சராசரி என்பது யாரோ ஒருவருக்கு ஆகும் நேரம் இல்லை. பழைய மாத்திரையையே மறுபடி எழுதி வாங்குபவர் மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். மூட்டு வலியில் ஆரம்பிக்கும் பாட்டி, மகன் வீடு, மருமகள், பேரனின் கல்லூரிக் கட்டணம் வரை போய்த் திரும்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். வருபவர்களும் பத்து நிமிடத்துக்கு ஒருவராக வருவதில்லை. டவுன் பஸ் வந்து நின்றதும் நான்கு பேர் சேர்ந்தாற்போல் இறங்குவார்கள். பிறகு கால் மணி நேரத்துக்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஆறு மணிக்கு யாரும் வராமல் டாக்டர் சும்மா இருந்த அந்தக் கால் மணி நேரத்தை எடுத்துவைத்து, ஏழு மணிக் கூட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. அது போனது போனதுதான். ஆனால் ஏழு மணிக்குச் சேர்ந்த கூட்டம் கலைந்துவிடுவதில்லை. எட்டு மணிக்கு வருபவர்களும் அவர்களுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். சும்மா இருந்த நேரம் சேமிப்பில் ஏறுவதில்லை, தாமதம் மட்டும் கடனாக ஏறிக்கொண்டே போகிறது. இந்த ஒருதலைப்பட்சம் புரிந்துவிட்டால் பாதி விஷயம் புரிந்ததாகக் கொள்ளலாம்.

## பிடிவாதமான ஒரு கணக்கு

வரிசைகளைக் கணிதமாக்கியவர்களில் முதல்வர் அக்னர் எர்லாங் என்ற டென்மார்க்காரர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பகத்தில் எத்தனை தடங்கள் இருந்தால் அழைப்பவர்கள் தவிக்கமாட்டார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. 1909இல் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறையே வளர்ந்தது.

அதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்: பளு விகிதம். இருக்கும் நேரத்தில் எத்தனை பங்கு வேலையில் கழிகிறது என்பதே அது. எட்டு மணி நேரத்தில் நான்கு மணி வேலை இருந்தால் பளு விகிதம் 50 சதவீதம்.

வருகையும், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் எந்த ஒழுங்குமின்றி ஏறி இறங்குகின்றன என்று வைத்துக்கொண்டால், சராசரிக் காத்திருப்புக்கு எளிய சூத்திரம் உண்டு. வேலையில் கழியும் பங்கைக் காலியாக இருக்கும் பங்கால் வகுத்து, ஒருவருக்கு ஆகும் சராசரி நேரத்தால் பெருக்க வேண்டும். நம் டாக்டருக்குப் போட்டுப் பார்க்கலாம். பளு 50 சதவீதமாக இருந்தால் நோயாளி சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீதமானால் 40 நிமிடம். 90 ஆனால் 90 நிமிடம். 95 ஆனால் 190 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். 100 சதவீதத்தில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். வரிசை முடிவில்லாமல் நீளும் என்பதே அதன் பொருள்.

90இலிருந்து 95க்குப் போனபோது டாக்டர் கூடுதலாகச் செய்த வேலை மிகச் சொற்பம். காத்திருப்போ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நிஜ வாழ்க்கையில் வருகை அவ்வளவு தாறுமாறாக இருக்காது, ஆகவே எண்கள் குறையலாம். ஆனால் முழுப் பளுவை நெருங்க நெருங்கத் தாமதம் தாவி ஏறும் என்ற போக்கு மாறாது. ஏற்ற இறக்கம் எவ்வளவு அதிகமோ அந்தத் தாவல் அவ்வளவு சீக்கிரம் தொடங்கும் என்பதை 1961இல் ஜான் கிங்மன் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார்.

இப்போது டாக்டரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். நோயாளிகளின் இடத்தில் மின்னஞ்சல்கள், அவசர அழைப்புகள், மேலாளரின் "ஒரு நிமிடம் வாருங்கள்", நேற்று முடிந்திருக்க வேண்டிய அறிக்கை. ஒரே அளவு திருகாணியைக் காலை முதல் மாலை வரை அச்சடிக்கும் இயந்திரத்தை 95 சதவீதம் ஓட்டலாம், அதற்கு ஏற்ற இறக்கம் இல்லை. மனிதர்களோடு மல்லுக்கட்டும் வேலையை அப்படி ஓட்ட முடியாது. ஒன்பதரையிலிருந்து ஆறு வரை அரை மணிக்கு ஒன்றாக நிரப்பிய நாட்காட்டி பார்க்கத்தான் சுறுசுறுப்பு. காலையில் ஒரு கூட்டம் இருபது நிமிடம் நீண்டதென்றால் அந்த நாள் முழுவதும் அந்த இருபது நிமிடத்தைச் சுமந்துகொண்டே நடக்கும்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: வேலை ஒழுங்கற்று வரும் இடத்தில் நேரம் முழுவதையும் நிரப்பினால் தாமதம் கட்டுமீறிப் பெருகும். காலி நேரம் என்பது அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிக்கொள்ளும் இடம்.

## முப்பத்திரண்டில் ஒன்று

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை. அங்கே 32 அறுவை அரங்குகள். அத்தனையும் முன்பதிவில் நிரம்பியிருந்தன. நடுவில் விபத்தில் அடிபட்டவர் வந்தால், குறித்து வைத்த அறுவைச் சிகிச்சை ஒன்று தள்ளிப்போகும். அது இன்னொன்றைத் தள்ளும். நள்ளிரவில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஊழியர்களுக்கு மிகைநேர வேலை முடியவே இல்லை.

ஆலோசனை சொல்ல வந்தவர் கொடுத்த யோசனை, நிர்வாகத்தின் காதில் கேலியாகத்தான் விழுந்திருக்கும்: ஓர் அரங்கைக் காலியாக விடுங்கள், அதில் எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். இடம் போதாமல் தவிப்பவரிடம் இருக்கிற இடத்திலும் ஒன்றைக் குறை என்று சொன்னால் எப்படி இருக்கும்? செய்து பார்த்தார்கள். நடத்த முடிந்த அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கை சுமார் 5 சதவீதம் கூடியது.

இதில் மாயம் ஏதுமில்லை. எந்த நோயாளி எப்போது விபத்தில் சிக்குவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரத்தில் ஏறத்தாழ எத்தனை அவசர நோயாளிகள் வருவார்கள் என்பது பழைய பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எதிர்பாராதது, மொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்க்கக்கூடியது. அந்த மொத்தத்துக்கு ஓர் அறை ஒதுக்கியதும் மற்ற 31 அறைகளும் தம் அட்டவணைப்படி ஓட முடிந்தது. எதிர்பாராத வேலை வந்துவிட்டது என்று ஒவ்வொரு வாரமும் வியப்பவர்கள், ஒவ்வொரு வாரமும் வருவது எப்படி எதிர்பாராததாக இருக்க முடியும் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

இப்படி, வரப்போகும் இடையூறுகளைத் தாங்குவதற்காக விடும் நேரத்துக்குத் தாங்கு நேரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது காலி நேரத்தின் முதல் வகை. இரண்டாவது வகைக்குப் போகுமுன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

## வேலை முடிந்தும் முடியாத மனம்

டாக்டர் உதாரணத்தில் ஒரு குறை உண்டு. ஒரு நோயாளி வெளியே போனதும் அடுத்தவரை முழு மனதோடு பார்க்கலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் மனம் அவ்வளவு நறுக்கென்று திரும்பாது. பாதியில் விட்ட வேலையின் நினைப்பு அடுத்த வேலைக்குள்ளும் கூடவே வரும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்து, கவன எச்சம் என்ற கருத்தை முன்வைத்தார். முந்தைய வேலையில் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கவனமே கவன எச்சம். அது இருக்கும் வரை அடுத்த வேலையின் தரம் குறைகிறது.

நாட்காட்டியில் ஒரு கூட்டம் 11 மணிக்கு முடிகிறது, அடுத்தது 11 மணிக்குத் தொடங்குகிறது. நிர்வாகக் கணக்கில் இடையே இழப்பு எதுவும் இல்லை. உண்மையில் இரண்டாவது கூட்டத்தின் முதல் பகுதியை உங்கள் உடம்பு மட்டும்தான் கவனித்தது. லெராயின் பிந்தைய ஆய்வு எளிய வழி ஒன்றையும் காட்டுகிறது: ஒரு வேலையை விட்டு எழுந்திருக்கும்போது, எதுவரை வந்தேன், திரும்பி வந்ததும் முதலில் எதைச் செய்வேன் என்று சுருக்கமாக எழுதிவைத்தால் அந்த மிச்சம் குறைகிறது. எழுதுவதற்கும் இரண்டு நிமிடம் வேண்டும். அந்த இரண்டு நிமிடம் எந்த நாட்காட்டியில் இருக்கிறது?

## பஸ் படியில் வந்த விடை

காலி நேரத்தைப் புகழ்பவர்களுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே ஒருவகைக் கணிதச் சார்புகளோடு (functions) நெடுநாள் போராடிக்கொண்டிருந்தார். பிறகு அப்போது வசித்த கான் நகரிலிருந்து நிலவியல் பயணம் ஒன்றுக்குக் கிளம்பினார். பயணத்தில் கணக்கே மறந்துபோயிற்று. குத்தான்ஸ் என்ற ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த நொடியில், தான் தேடிய சார்புகளுக்கும் யூக்ளிடுக்கு அப்பாற்பட்ட வடிவியலுக்கும் உள்ள தொடர்பு பளிச்சென்று தெரிந்தது.

கதை இத்துடன் நிறுத்தப்படுகிறது. அவரே சேர்த்துச் சொன்ன இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்: முன்னால் மனமார உழைத்திருந்தால்தான், பின்னால் அதைச் சரிபார்க்க உழைத்தால்தான் இந்தப் பளிச்சிடலுக்குப் பயன் உண்டு. 1926இல் ஆங்கிலேய அறிஞர் கிரஹாம் வாலஸ் இதை நான்கு கட்டங்களாக வகுத்தார்: தயாரிப்பு, அடைகாப்பு, பளிச்சிடல், சரிபார்ப்பு. அடைகாப்பு என்பது, முயன்று பார்த்த சிக்கலை ஒதுக்கிவிட்டு வேறெங்கோ இருக்கும்போது அது மனதின் அடியில் நகர்ந்துகொண்டிருப்பது. தயாரிப்பே இல்லாதவர் எத்தனை பஸ்ஸில் ஏறி இறங்கினாலும் டிக்கெட்தான் மிச்சம்.

ஒட்டுத்தாள் கதையும் இப்படித்தான் சுருங்கிவிட்டது. த்ரீஎம் நிறுவனம் ஊழியர்களுக்கு 15 சதவீத நேரத்தைச் சொந்த யோசனைகளுக்கு விட்டதால் மஞ்சள் ஒட்டுத்தாள் பிறந்தது என்பார்கள். அந்த நிறுவனத்தின் விஞ்ஞானி ஸ்பென்சர் சில்வர், ஒட்டினாலும் எளிதில் உரிந்துவரும் வலுவில்லாத பசையைக் கண்டது 1968இல். தேவாலயப் பாடல் புத்தகத்தில் அடையாளத் தாள் நழுவுகிறதே என்று அவருடைய சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை அதைப் பயன்படுத்த யோசித்தது 1974இல். நாடு முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். பன்னிரண்டு ஆண்டு! அடுத்த காலாண்டுக்குள் பலன் காட்டு என்று கேட்கும் நிறுவனம் இந்தக் கதையை மேற்கோள் காட்டாமல் இருப்பது நல்லது.

## சும்மா இருக்கும்போது மூளை

சும்மா இருந்தால் மூளை அணைந்துவிடும் என்பது பரவலான நினைப்பு. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. ஒரு கணக்கைப் போடத் தொடங்கினால் இந்தச் செலவு கொஞ்சம்தான் கூடுகிறது. அப்படியானால் கணக்குப் போடாதபோதும் அது ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறது. மூளை ஆய்வாளர் மார்கஸ் ரைக்கிளும் அவர் சகாக்களும் 2001இல் இதை எடுத்துக்காட்டினார்கள். வெளி வேலை இல்லாதபோது சேர்ந்து சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகளின் தொகுதிக்கு இயல்புநிலை வலையமைப்பு என்று பெயர். பழையதை நினைப்பது, வரப்போவதைக் கற்பனை செய்வது, நம்மைப் பற்றியும் பிறரைப் பற்றியும் யோசிப்பது போன்றவற்றோடு இது தொடர்புடையது.

நல்லதாகவே தெரிகிறது, ஆனால் அதே இடத்தில்தான் கவலையும் அசைபோடப்படுகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமதி வில்சன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆட்களை வெறும் அறையில் 15 நிமிடம் தனியே உட்காரவைத்தார்கள். விரும்பினால் தனக்குத்தானே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்னதாகச் சொன்னவர்களே, சும்மா இருக்க முடியாமல் அழுத்தினார்கள்: 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர்.

நம் கையில் பொத்தானுக்குப் பதில் போன் இருக்கிறது. கூட்டம் பத்து நிமிடம் முன்னதாக முடிந்தால் அந்தப் பத்து நிமிடமும் திரைக்குள் போய்விடுகிறது. மனம் லேசாகலாம், நான் குறைசொல்லவில்லை. ஆனால் அது காலி நேரக் கணக்கில் வராது. வேறொருவரின் பேச்சும் படமும் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது சொந்த யோசனைக்கு இடம் எங்கே? நடப்பது, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது போல, கைகால் ஓடினாலும் தலையைச் சும்மா விடும் வேலைகள் இதற்கு எவ்வளவோ மேல். முதல் சில நிமிடங்களில் கவலைதான் வரும். எழுதிவைத்தால் பெரும்பாலும் அது நாளைக்குச் செய்ய வேண்டிய ஏதோ ஒரு வேலையாக இருக்கும்.

காலி நேரத்தின் இரண்டாவது வகை இதுதான்: யோசனை நேரம். தாங்கு நேரம் இடையூறு வந்து தின்பதற்காகவே விடப்பட்டது. அதைத் தின்றுவிட்டதே என்று வருந்தக்கூடாது. யோசனை நேரத்தை இடையூறு தொடக்கூடாது. ஒன்றை மட்டும் ஒதுக்கி இரண்டும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதால்தான், காலி நேரம் விட்டுப் பார்த்தேன், பயனில்லை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள்.

## எவ்வளவு, எங்கே

பளுவை 80 சதவீதத்தில் நிறுத்தினால் எட்டு மணி நேர நாளில் 96 நிமிடம் மிஞ்சும். எல்லோருக்கும் இதே எண் பொருந்தாது. சென்ற மாத நாட்காட்டியை எடுத்து, திட்டத்தில் இல்லாமல் வந்து சேர்ந்த வேலைகள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று கூட்டிப் பாருங்கள். உங்கள் தாங்கு நேரம் ஏறத்தாழ அதுதான். மருத்துவமனை செய்ததும் இதைத்தான்.

அதை நாளின் கடைசியில் மொத்தமாகக் குவிக்காமல் நடுநடுவே பரப்புங்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தை 50 நிமிடத்தில் முடிப்பது நல்ல தொடக்கம். யோசனை நேரத்தை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சேர்ந்தாற்போல் வைக்கலாம். நாட்காட்டியில் வெற்றிடமாகக் கிடந்தால் சக ஊழியர் அழைப்பு அனுப்பிவிடுவார். ஆகவே "கோப்பு ஆய்வு" என்று ஒரு பெயர் எழுதிவைத்தால் பாவமில்லை.

## தன் நேரம் தன் கையில் இல்லாதவர்கள்

இந்த ஆலோசனைகளெல்லாம் நாட்காட்டி வைத்திருப்பவருக்குத்தான். துணிக்கடையில் நிற்கும் பெண்ணிடம் போய் யோசனை நேரம் ஒதுக்குங்கள் என்பது கேலி. அவருக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் குறைந்தது அரை மணி இடைவேளை விட வேண்டும் என்று வகுத்தது. இவை உடம்புக்கான ஓய்வு, போராடிப் பெற்றவை. வேலைக்கும் போய் வீட்டுச் சமையலையும் பார்க்கும் பெண்களின் நாளைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. அங்கே பளு விகிதம் 100ஐத் தாண்டிப் பல காலம் ஆகிறது. வீட்டில் இன்னொருவர் கை கொடுக்காமல் அது இறங்காது.

மிசௌரியில் அறையைக் காலியாக விட்டது அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரின் தனிப்பட்ட ஒழுக்கத்தால் நடக்கவில்லை. நிர்வாகம் முடிவெடுத்தது. குழுவை நடத்துபவர்களும் அப்படியே செய்யலாம். ஐந்து பேர் கொண்ட குழுவில் தினமும் ஒருவருக்குத் திட்டமிட்ட வேலை எதையும் கொடுக்காமல், முறைவைத்து மாற்றலாம். அன்று வரும் திடீர்க் கேள்விகள், பழுதுகள், வாடிக்கையாளர் புகார்கள் எல்லாம் அவரிடம் போகும். மற்ற நால்வரும் தொந்தரவில்லாமல் தம் வேலையை முடிப்பார்கள். மென்பொருள் குழுக்கள் பலவற்றில் இது ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. சிக்கல் வருவது அமைதியான நாளில்தான். புகாரே வராத ஒரு புதன்கிழமை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துப் பொறுக்காமல், "சும்மாதானே இருக்கிறீர்கள், இந்த அறிக்கையைக் கொஞ்சம் முடித்துக் கொடுங்கள்" என்று மேலாளர் ஒன்றைத் தள்ளிவிட்டால், வியாழக்கிழமை வரும் முதல் புகாருக்கு மறுபடி வரிசை தொடங்கிவிடும்.